‘ஹோல் வேர்ல்டு’ என்று எழுதினால் அதில் யார் யார்? உலக விவகார ஆங்கிலக் கட்டுரையில் அளவு தப்பும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். குரூப் ஒன், சிவில் சர்வீஸ், ஐ.இ.எல்.டி.எஸ். என்று ஆளுக்கொரு தேர்வு. எல்லாருக்கும் பொதுவான தலைவலி, உலக விவகாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை. விஷயம் தெரியும், இலக்கணமும் சுமார் பரவாயில்லை, ஆனாலும் மதிப்பெண் ஏறுவதில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தால், எவ்வளவு, எதுவரை, யார் யாருக்கு என்ற மூன்றும் வாக்கியத்துக்கு வாக்கியம் வழுக்கிக்கொண்டிருக்கும்.

தமிழில் இந்த வேலையைப் பார்ப்பவை ஏ, உம், தான் என்ற குட்டி ஒட்டுகள். பழைய இலக்கணக்காரர்கள் உம்முக்கு மட்டுமே எட்டுப் பொருள் பிரித்து வைத்திருக்கிறார்கள். பேசும்போது நாம் இவற்றை யோசிக்காமலே சரியான சொல்லில் ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது இவை கரையிலேயே நின்றுவிடுகின்றன, வாக்கியம் மட்டும் வள்ளம் ஏறிப் போய்விடுகிறது. அதனால் சந்தேகமான வாக்கியத்தை ஒருதரம் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஏயும் உம்மும் தானும் எந்தச் சொல்லில் உட்காருகின்றன என்று பாருங்கள். அதற்கு ஈடான ஆங்கிலச் சொல் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். நான் திருத்துவது இப்படித்தான். கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன், உங்கள் நோட்டில் எது இருக்கிறதோ அங்கே போய்க்கொள்ளலாம்.

அறிகுறி: ‘த ஹோல் வேர்ல்டு’ பக்கத்தில் சிவப்பு மையில் ‘யார்?’ என்று எழுதியிருக்கிறது

‘உக்ரைன் போரை உலகமே கண்டித்தது’ என்று தமிழில் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ‘ஊரே சிரித்தது’ மாதிரி அது ஒரு பேச்சு வழக்கு. அதையே ஆங்கிலத்தில் ‘த ஹோல் வேர்ல்டு கண்டெம்டு’ என்று எழுதினால், திருத்துபவர் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கிவிடுவார்.

நாமும் எண்ணுவோம். 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35. மொத்த உறுப்பு நாடுகள் 193. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் சீனாவும் உண்டு, அவை இரண்டிலும் சேர்த்தே உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். ஆக, ‘நாடுகளில் பெரும்பாலானவை’ என்பது சரி. ‘உலக மக்களில் பெரும்பாலோர்’ என்று எழுத இந்த வாக்கெடுப்பு ஆதாரமாகாது. நாடுகளை எண்ணுகிறோமா, ஆட்களை எண்ணுகிறோமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

திருத்தம் எளிது. ‘வேர்ல்டு’ என்பதை அடித்துவிட்டு, செயலைச் செய்தவர் யாரோ அவரைப் போடுங்கள்: ‘141 ஆஃப் த யூ.என்.ஸ் 193 மெம்பர்ஸ்’. எண் தெரியாவிட்டால் ‘மோஸ்ட் யூ.என். மெம்பர்ஸ்’ போதும். ‘இன்டர்நேஷனல் கம்யூனிட்டி’ என்பதற்கும் இதே மருந்துதான், அதுவும் கோட்டு மாட்டிய ‘ஹோல் வேர்ல்டு’.

அறிகுறி: ‘ஆல்’ இருக்கிறது, பின்னால் ‘நாட்’ வருகிறது, அர்த்தம் இரண்டாகப் பிளக்கிறது

நம் மாவட்டத்தில் வளைகுடாவோடு தொடர்பில்லாத தெரு குறைவு. தக்கலைப் பையன் ஒருவன், அவன் மாமா தோஹாவில் வேலை, 2017 கத்தார் விவகாரத்தை எழுதியிருந்தான்: ‘ஆல் கல்ஃப் கண்ட்ரீஸ் டிட் நாட் கட் டைஸ் வித் கத்தார்.’ அவன் சொல்ல வந்தது, எல்லாரும் முறித்துவிடவில்லை, சிலர்தான் முறித்தார்கள் என்பது. படிக்கிறவர் ‘ஒருவரும் முறிக்கவில்லை’ என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பிழையின் வேர் தமிழில். ‘எல்லா நாடுகளும் முறிக்கவில்லை’ என்ற வாக்கியமும் இரண்டு பக்கமும் சாயும். ஆனால் நாம் குரலை ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடுவோம். தாளில் குரல் ஏது?

நடந்தது இது. வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தில் ஆறு நாடுகள். கத்தாரைத் தள்ளினால் ஐந்து. அவற்றில் சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன் மூன்றும் உறவை முறித்தன, குவைத்தும் ஓமனும் முறிக்கவில்லை. அவற்றோடு சேர்ந்து முறித்த இன்னொரு நாடு எகிப்து, அது அரபு நாடுதான், ஆனால் வளைகுடா நாடு கிடையாது. சிலர் என்று சொல்ல வேண்டுமானால் ‘நாட் ஆல்’ என்று ‘நாட்’டை முன்னால் தூக்கி வையுங்கள். ஒருவரும் இல்லை என்றால் ‘நன் ஆஃப்’. எண்ணிக்கை கையில் இருந்தால் இரண்டுமே வேண்டாம்: ‘த்ரீ ஆஃப் கத்தார்ஸ் ஃபைவ் பார்ட்னர்ஸ்’.

அதே கட்டுரையில் ‘கல்ஃப்’, ‘அராப்’, ‘மிடில் ஈஸ்ட்’ மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போட்டிருந்தான். ஒரே சொல் திரும்ப வந்தால் நன்றாக இருக்காதே என்ற கவலை. ஈரான் மிடில் ஈஸ்ட், அரபு கிடையாது. துருக்கியும் அரபு கிடையாது. அதுபோலத்தான் ஐரோப்பாவும் ஐரோப்பிய ஒன்றியமும். நார்வேயும் சுவிட்சர்லாந்தும் முன்னதில் உண்டு, பின்னதில் இல்லை. பெயர்ச்சொல் திரும்ப வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

அறிகுறி: ‘ஒன்லி’ வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது

‘ஃபைவ் கண்ட்ரீஸ் ஹேவ் வீட்டோ பவர் ஒன்லி.’ வாரத்துக்கு ஒரு நோட்டிலாவது பார்க்கிறேன். வீட்டோ என்பது ஐ.நா. பாதுகாப்புச் சபையில் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரம். தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘ஐந்து நாடுகளுக்குத்தான் வீட்டோ உண்டு.’ தான் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஐந்து நாடுகள் மேல். அப்படியானால் ஒன்லியும் அங்கேயே போக வேண்டும்: ‘ஒன்லி ஃபைவ் கண்ட்ரீஸ் ஹேவ்…’ வாலில் விட்டால், அந்த ஐவருக்கும் வீட்டோவைத் தவிர வேறு அதிகாரமே இல்லை என்று ஆகிவிடும்.

இன்னொரு சிக்கல், நம்முடைய தான் எப்போதும் ‘மட்டும்’ என்ற பொருளில் வராது. ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்பதில் அது வெறும் உறுதி. அதை ‘ஐ ஆம் ஹியர் ஒன்லி’ ஆக்கி உலகம் பூராவும் நம்மைக் கேலி செய்ய வைத்திருக்கிறோம். உறுதிக்கு ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனிச்சொல் தேவையில்லை, விட்டுவிடலாம். ‘ஐ.நா. 1945இல்தான் உருவானது’ என்பதில் ‘அதற்குமுன் இல்லை’ என்ற தாமதப் பொருள். அதற்கு ‘நாட் அண்டில் 1945’. ஒரு தானுக்கு மூன்று வேலை. எந்த வேலை என்று பார்த்துவிட்டுச் சொல்லை எடுங்கள்.

உம்முக்கும் இதே பாடு. ‘உக்ரைன் தீர்மானத்துக்குச் செர்பியாவும் ஆதரவாக வாக்களித்தது’ என்பதில் உம் ‘ஆல்சோ’வா ‘ஈவன்’னா? மற்றவர்களோடு இவரும் என்றால் ஆல்சோ. ரஷ்யாவோடு நெருக்கமான செர்பியாகூட என்று வியப்பைக் காட்டுவதானால் ஈவன். ஈவன் போட்டால், ஏன் வியக்க வேண்டும் என்பதையும் அரை வரியில் சொல்லிவிடுங்கள். பரீட்சைத்தாள் திருத்துபவருக்குச் செர்பியாவின் குடும்பக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அறிகுறி: ‘த’வும் ‘அ’வும் விட்ட இடத்தில் அளவே மாறிப்போகிறது

ஆர்ட்டிகிள் பிழை அழகுப் பிழை, அர்த்தத்தைத் தொடாது என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். 1967 நவம்பர் 22 அன்று பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அந்த ஆண்டுப் போரில் கைப்பற்றிய இடங்களிலிருந்து இஸ்ரேல் படை விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வாசகம் ‘ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைடு’. ‘டெரிட்டரீஸ்’ முன்னால் ‘த’ இல்லை. அதனால் ‘கைப்பற்றிய சில இடங்களிலிருந்து’ போதும் என்பது ஒரு தரப்பு. பிரெஞ்சு வாசகத்தை ‘அந்த இடங்களிலிருந்து’ என்று படிக்க முடியும், ஆகவே எல்லா இடங்களிலிருந்தும் என்பது இன்னொரு தரப்பு. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த வாதம் ஓயவில்லை.

நம் நோட்டில் வருவது இந்த அளவுக்குப் பெரிதல்ல, ஆனால் இனம் ஒன்றுதான். குலசேகரத்திலிருந்து வருகிற ஒருவர், வீட்டில் ரப்பர் உண்டு, எழுதியிருந்தார்: ‘தாய்லாந்து புரொடியூசஸ் மோஸ்ட் நேச்சுரல் ரப்பர் இன் த வேர்ல்டு.’ தாய்லாந்துதான் முதலிடம், அதில் தகராறு இல்லை. ஆனால் அதன் பங்கு உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ‘மோஸ்ட்’ என்றால் பாதிக்கு மேல். ‘த மோஸ்ட்’ என்றால் மற்ற எவரையும்விட அதிகம். தமிழில் ‘பெரும்பகுதி’, ‘எல்லாரையும்விட அதிகம்’ என்று இரண்டு தனிச் சொற்கள் இருப்பதால் குழப்பம் வராது. ‘அதிகம்’ என்று மொட்டையாக நினைத்துவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவும்போதுதான் கால் இடறுகிறது.

‘ஃபியூ’வும் அப்படியே. ‘அ ஃபியூ கண்ட்ரீஸ்’ என்றால் சில நாடுகள். ‘அ’ போய்விட்டால் சில நாடுகளே. தமிழ் ஏ போட்டுச் செய்கிற வேலையை ஆங்கிலம் ‘அ’வை எடுத்துச் செய்கிறது, வேடிக்கைதான். ‘மூன்று நாடுகள்’ என்றால் ‘த்ரீ கண்ட்ரீஸ்’, ‘மூன்று நாடுகளும்’ என்றால் ‘ஆல் த்ரீ’. கடைசியில் உம் இருந்ததா என்று ஒருதரம் பார்த்தால் போதும்.

அறிகுறி: ‘பிக்கஸ்ட்’, ‘ஃபர்ஸ்ட்’, ‘வொர்ஸ்ட்’ எல்லாம் வேலி இல்லாமல் நிற்கின்றன

தமிழில் உச்சம் சொல்லும்போது ‘இலேயே’ என்று ஒரு வேலி கட்டுவோம். மாவட்டத்திலேயே பெரியது, ஆசியாவிலேயே முதலாவது. வேலி இல்லாமல் ‘பெரியது’ என்றால் ‘எதிலே?’ என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் ‘எஸ்ட்’ ஈறு தானாகவே உச்சத்தைச் சொல்லிவிடுவதால், வேலியை மறந்துபோகிறோம். ஒவ்வொரு ‘எஸ்ட்’டையும் தமிழில் திருப்பிப் பாருங்கள். இலேயேவுக்கு முன்னால் என்ன வரும் என்று சொல்ல முடியாவிட்டால் அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.

வேலி கட்டினாலும், அது தாங்குமா என்று தட்டிப் பார்க்க வேண்டும். குளச்சல் போர் நமக்கெல்லாம் பெருமை. 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்தது, பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானார், அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இதை எழுதும் எல்லாரும் ஒரு வரி சேர்ப்பார்கள்: ஐரோப்பியரை ஆசியர் தோற்கடித்தது ஆசியாவிலேயே இதுதான் முதன்முறை. நானும் இதைப் பல காலம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தைவானில் அதே டச்சுக்காரர்களின் சீலாந்தியா கோட்டையை முற்றுகையிட்டுச் சீனத் தளபதி செங் செங்கோங் 1662இலேயே பிடித்துவிட்டார். வேலியைச் சுருக்கி, டச்சுக்காரர்களுக்கு இந்திய அரசர் ஒருவரிடம் கிடைத்த பெரிய தோல்விகளில் ஒன்று என்று எழுதினால் குளச்சலுக்கு ஒரு குறையும் வராது. ஆங்கிலத்தில் ‘ஒன் ஆஃப் த’ போட்ட பிறகு பெயர்ச்சொல் பன்மையில் வர வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அறிகுறி: எண் சரி, அளவு தப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு ட்ரில்லியன் லட்சம் கோடி. உலக மக்கள்தொகை எட்டு பில்லியன் என்றால் 800 கோடி, எண்பது கோடி அல்ல. ரிசர்வ் வங்கி 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. இது இரண்டரை ‘பெர்சென்டேஜ் பாயின்ட்’ உயர்வு. ‘2.5 பெர்சென்ட் உயர்வு’ என்று எழுதினால் 4 என்பது 4.1 ஆனதாகப் பொருள்.

பங்கு சொல்லும்போது எதில் பங்கு என்பதும் வேண்டும். நம் மணவாளக்குறிச்சி மணலில் அரிய வகைத் தனிமங்கள் கொண்ட மோனசைட் கனிமம் இருப்பதால் அவற்றைப் பற்றி நம் பிள்ளைகள் ஆசையாக எழுதுவார்கள். தோண்டி எடுப்பதிலும் சீனா முன்னணி, பிரித்துச் சுத்திகரிப்பதிலும் முன்னணி, ஆனால் பின்னதில் அதன் பிடி இன்னும் இறுக்கம். ‘சைனா டாமினேட்ஸ் ரேர் எர்த்ஸ்’ என்று மொட்டையாக நிறுத்தாமல் எந்தக் கட்டத்தில் என்று சொல்லுங்கள்.

அறிகுறி: மூலத்தில் சொன்னதைவிட உங்கள் வினைச்சொல் பலமாக இருக்கிறது

அளவைக் காட்டுவது உரிச்சொல் மட்டும் என்று நினைக்கிறோம். உலக விவகாரத்தில் பெரிய சண்டைகள் வினைச்சொல்லில்தான் நடந்திருக்கின்றன. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில் நிலக்கரி மின்சாரம் பற்றிய ‘ஃபேஸ் அவுட்’ என்ற சொல் இந்தியா கேட்டதன் பேரில் ‘ஃபேஸ் டவுன்’ ஆனது. அவுட் என்றால் படிப்படியாக ஒழிப்பது, டவுன் என்றால் படிப்படியாகக் குறைப்பது. 2015 டிசம்பரில் பாரிஸில் வளர்ந்த நாடுகளின் கடமை பற்றிய ஒரு ‘ஷல்’ கடைசிக் கட்டத்தில் ‘ஷுட்’ ஆனது. ‘ஷல்’ கட்டுப்படுத்தும், ‘ஷுட்’ வேண்டிக்கொள்ளும்.

இவ்வளவு பேர் ராத்திரி தூங்காமல் குறைத்த அளவை நம் பிள்ளைகள் ஒரே வரியில் ஏற்றிவிடுகிறார்கள்: ‘ஆல் கண்ட்ரீஸ் அக்ரீடு டு ஸ்டாப் கோல்.’ மூலத்தில் இருக்கும் வினையை அப்படியே எடுத்து வையுங்கள். முன்னே சொன்ன 2022 பொதுச்சபைத் தீர்மானத்தில் ரஷ்யாவின் ஆக்கிரமிப்பைப் பற்றிய வினைகூட ‘டிப்ளோர்ஸ்’தான், ‘கண்டெம்ஸ்’ அல்ல, அதற்குப் பின்னால் ‘இன் த ஸ்ட்ராங்கஸ்ட் டெர்ம்ஸ்’ என்று கனம் ஏற்றியிருக்கிறார்கள். வேறு சொல் போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு படி கீழே இருப்பதைப் போடுங்கள், மேலே போகாதீர்கள்.

அறிகுறி: பத்திக்கு ஆறு ‘வெரி’

வழக்கமான மருந்து, எல்லா வெரியையும் அடித்துவிட்டு, வாக்கியம் சாகிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் சாகாது. ‘யூனிக்’, ‘எசென்ஷியல்’ போன்றவற்றின் முன்னால் வெரி வரவே வேண்டாம்.

இப்படி அடித்துக்கொண்டே போனபோது தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பெண்ணிடம் நன்றாக மாட்டிக்கொண்டேன். அவள் வீட்டில் ஆழ்கடல் தொழில். ஒக்கி புயல் பற்றி எழுதிய பத்தியில் ‘வெரி சிவியர்’ என்று இருந்தது. வெரியை வெட்டினேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் வாங்கவில்லை.

“சார், அந்த வெரிய வெட்டப்பிடாது. அது பேருல உள்ள வெரி.”

அவள் சொன்னது சரி. வானிலைத் துறைக் கணக்கில் காற்று மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் என்றால் ‘சைக்ளோனிக் ஸ்டார்ம்’. 118 முதல் 165 வரை ‘வெரி சிவியர்’. 166 ஆனால் ‘எக்ஸ்ட்ரீம்லி சிவியர்’. இங்கே வெரி உணர்ச்சி இல்லை, அளவுகோல். வெட்டிய கோட்டின் மேல் புள்ளி வைத்து மீட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அதே வாக்கியத்தில் வேறொன்று இடித்தது. 2017 நவம்பர் 30 அன்று நம் கரையோரமாகப் போனபோது அது ‘வெரி சிவியர்’ ஆகியிருக்கவில்லை. அரபிக்கடலுக்குள் போன பிறகுதான் அந்த நிலைக்கு ஏறியது. அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கரையில உள்ளவங்களுக்கு ஒண்ணு சார், கடலுக்குள்ள கிடந்தவங்களுக்கு வேற” என்றாள். அப்புறம் அந்த ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்தாள். முதல் வாக்கியத்தில் கன்னியாகுமரியும் தேதியும், இரண்டாவதில் அரபிக்கடலும் அடுத்த நாளும். வெரி இரண்டாவதில் போய் உட்கார்ந்தது.

அறிகுறி: ‘மே’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘பாசிபிளி’ மூன்றும் ஒரே வரியில்

மேலே உள்ள எல்லாவற்றையும் படித்துப் பயந்துபோனவர்களுக்கு வரும் நோய் இது. எதையும் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்று, எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். கஞ்சியில் சோறு தேட வேண்டியிருக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கச் சொல் போதும்.

எந்தச் சொல் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. ஓர் ஏணி வைத்திருக்கிறது. ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, ‘வெரி லைக்லி’ 90க்கு மேல், ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95க்கு மேல், ‘வர்ச்சுவலி சர்ட்டன்’ 99க்கு மேல். புவி வெப்பமாவதில் மனிதர் பங்கு பற்றி அவர்கள் 2001இல் எழுதியது ‘லைக்லி’, 2007இல் ‘வெரி லைக்லி’, 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. முதல் இரண்டிலும் அது ‘வெப்பத்தின் பெரும்பகுதிக்கு’ என்றுதான் இருந்தது, ‘முழுவதற்கும்’ என்று இல்லை. ஆதாரம் ஒவ்வொரு படி ஏறிய பிறகுதான் சொல்லும் ஒவ்வொரு படி ஏறியது.

2021 அறிக்கையில் ஏணியையே விட்டு இறங்கி, மனிதர்கள் புவியை வெப்பமாக்கியிருக்கிறார்கள் என்பது ‘அன்ஈக்விவோக்கல்’, ஐயத்துக்கு இடமில்லாதது, என்று எழுதினார்கள். போன வாரம் ஒரு நோட்டில் இதே விஷயம் ‘ஹியூமன்ஸ் மே பெர்ஹாப்ஸ் பி ரெஸ்பான்சிபிள்’ என்று வந்தது. அந்த இரண்டு சொல்லையும் அடித்து, ‘பி’யை ‘ஆர்’ ஆக்கிக் கொடுத்தேன்.